தடயவியல் மனநல மருத்துவராக விரும்புபவர்களுக்கு: சென்னையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

எம்.டி. முடித்த முதல் ஆண்டிலேயே எனக்கு ஒரு சம்மன் வந்தது. கொலை வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவரை இரண்டு மாதம் வார்டில் தினமும் பார்த்திருந்தேன். அவருக்கு சிசோஃப்ரீனியா எனும் மனச்சிதைவு நோய் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. சான்றிதழிலும் அதைத்தான் எழுதியிருந்தேன். நீதிபதி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "டாக்டர், இவருக்கு என்ன நோய் என்று நான் கேட்கவில்லை. இந்த விசாரணையை இவரால் புரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டிருந்தேன்." என்னிடம் பதில் இல்லை. வாய்தா எட்டு வாரம் தள்ளிப்போனது. அந்த மனிதர் எஸ்கார்ட் போலீசாருடன் மறுபடி வேனில் ஏறினார்.

அந்த எட்டு வாரம் என்னால் வந்தது. மூன்று ஆண்டுப் படிப்பில் நோயைக் கண்டுபிடிக்கக் கற்றிருந்தேன். கோர்ட் என்ன கேட்கிறது என்று கண்டுபிடிக்கக் கற்றிருக்கவில்லை. தடயவியல் மனநல மருத்துவப் பயிற்சி முழுவதும் அந்த இரண்டாவது திறமையைப் பற்றியதுதான். மருத்துவ மாணவர்கள், மனநல மருத்துவத்தில் எம்.டி. படிப்பவர்கள், ஏற்கெனவே பிராக்டிஸ் செய்துகொண்டு சம்மன் வந்தால் தூக்கம் இழப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், இது எந்த வேலை?

'தடயவியல்' என்றதும் கைரேகை, ரத்தக்கறை, மயிலாப்பூர் ஆய்வகம் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. பிரேதப் பரிசோதனை செய்பவர் சட்ட மருத்துவத் துறை டாக்டர். அவர் வேறு, நாம் வேறு. உளவியல் படித்து ஆளுமைச் சோதனைகள் செய்பவர் உளவியலாளர். அவரோடு சேர்ந்து வேலை செய்வோம், ஆனால் அவர் எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்ல. மனநோயும் சட்டமும் முட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்கும் மருத்துவர்தான் தடயவியல் மனநல மருத்துவர்.

அவரிடம் வரும் குற்றவியல் கேள்விகள் அடிப்படையில் மூன்று. மூன்றும் மூன்று காலத்தைச் சேர்ந்தவை. இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, நடந்து முடிந்த காலம். சம்பவம் நடந்த அந்த நேரத்தில், தான் செய்வது என்ன என்றோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு முரணானது என்றோ அறிய முடியாத நிலையில் அவர் இருந்தாரா? இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு. 2024 ஜூலை 1க்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவாக இருந்தது. இதன் வேர் 1843இல் லண்டனில் நடந்த மக்நாட்டன் வழக்கில் இருக்கிறது. பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்றவர் மக்நாட்டன். அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து வகுக்கப்பட்ட விதிகளின் சாயலில்தான் 1860இல் நம் சட்டமும் எழுதப்பட்டது.

இரண்டாவது, இன்றைய நிலை. இன்று இவர் விசாரணையை எதிர்கொள்ளத் தகுதியானவரா? இதற்கான நடைமுறை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367 முதல் 378 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 328 முதல் 339 வரையிலான பிரிவுகள்தான் அவை. மூத்த வழக்கறிஞர்கள் பலர் பேச்சில் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்வார்கள். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இனி வரும் காலம். காவலில் இருப்பவருக்கு எங்கே, எப்படிச் சிகிச்சை? இதற்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவைப் படியுங்கள். சிறையில் மனநோயாளிகள் யாரும் இல்லை என்று சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல ஆய்வு வாரியத்துக்குச் சான்றளிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவுக்குள் மனநல நிலையம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

சம்பவ நேரத்தில் தெளிவாக இருந்தவர் இன்று தெளிவில்லாமல் இருக்கலாம். அன்று நோயின் பிடியில் இருந்தவர் இன்று மருந்தால் நன்றாகத் தேறி நிற்கலாம். ஒரு கேள்விக்கான பதிலை இன்னொன்றுக்கு எழுதிக் கொடுத்தால் ஒரு மனிதரின் வாழ்க்கை திசை மாறிவிடும்.

எம்.பி.பி.எஸ். காலத்தில்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. சட்ட மருத்துவப் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். ஹவுஸ் சர்ஜனாக கேஷுவாலிட்டியில் நிற்கும்போது ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒருநாள் கோர்ட்டில் உரக்கப் படிக்கப்படும் என்ற நினைப்போடு எழுதிப் பழகுங்கள். மனநல மருத்துவப் பணிக்கு ஒதுக்கப்படுவது இரண்டு வாரம்தான். அதை லீவு எடுக்கும் வாரமாக ஆக்கிவிடாதீர்கள்.

எம்.டி.யை எங்கே, எப்படிச் செய்வது

நீட் முதுகலைத் தேர்வு எழுதி மூன்றாண்டு எம்.டி., அல்லது அதற்கு இணையான டி.என்.பி. இந்த அடித்தளம் இல்லாமல் அடுத்த படி கிடையாது. சென்னையில் அரசு, தனியார் கல்லூரிகள் பலவற்றில் மனநல மருத்துவத்துக்கு முதுகலை இடங்கள் உண்டு. தடயவியலில் ஈடுபாடு இருக்கிறது என்று இப்போதே தெரிந்தால், கவுன்சிலிங்கில் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியை முதலில் வையுங்கள். காரணம், அதன் மனநலத் துறையாக இயங்குவது கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சிறிய காப்பகமாகத் தொடங்கி, 1871இல் இன்றைய இடத்துக்கு வந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தார். கோர்ட் அனுப்பும் நோயாளிகளுக்கென்று அங்கே தனி வார்டு இருக்கிறது. தடயவியல் கற்க விரும்புபவருக்கு அந்த வார்டுதான் வகுப்பறை.

ஊரில் 'கீழ்ப்பாக்கம்' என்ற பெயரை வசைச்சொல்லாக வீசுகிறார்கள். அங்கே படிக்கப் போகிறேன் என்றால் வீட்டில்கூடத் தயங்குவார்கள். எனக்கு அந்த வசை இன்றும் வலிக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, யாரும் வேண்டாம் என்று விட்டுப்போனவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்த இடம் அது.

வேறு கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கதவு மூடிவிடாது. எம்.டி. காலத்தில் மூன்று மாத மாவட்டப் பணி கட்டாயம். இடத்தைத் தேர்வு செய்ய வாய்ப்பு இருந்தால் வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை என்று மத்திய சிறை இருக்கும் ஊராகப் பாருங்கள். சிறையிலிருந்து வரும் நோயாளிகளைப் பார்க்கும் நாளில் உங்களையும் கூப்பிடச் சொல்லி மூத்தவரிடம் கேளுங்கள்.

ஆய்வுக் கட்டுரைக்குச் சிறைவாசிகளைப் பற்றிய தலைப்பை எடுக்க நினைத்தால், முதல் ஆண்டின் முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். கல்லூரியின் நெறிமுறைக் குழு, சிறைத்துறை என இரண்டு இடத்தில் அனுமதி வாங்க வேண்டும். கைதி என்பவர் 'மாட்டேன்' என்று சொல்லச் சுதந்திரம் குறைந்தவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கைதிகளைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படுபவர்களாகவே கருதுகின்றன. அனுமதிக்காக அலைவதைச் சுமையாக நினைக்காதீர்கள். சுதந்திரம் இல்லாதவரிடம் சம்மதம் வாங்குவது எப்படி என்று அந்த அலைச்சலில்தான் புரியும்.

உட்சிறப்புத் துறை என்ற அங்கீகாரம்: ஏன் இவ்வளவு முக்கியம்?

உட்சிறப்புத் துறை என்பது மனநல மருத்துவம் போன்ற ஒரு துறைக்குள் வரும் தனிச் சிறப்புத் துறை. ஒரு துறைக்கு அங்கீகாரம் என்றால் வெறும் பட்டம் இல்லை. பாடத்திட்டம் ஒன்று இருக்கிறது, அதைக் கற்பிக்கத் தகுதியான இடங்கள் இருக்கின்றன, வெளியிலிருந்து ஒருவர் வந்து தேர்வு வைக்கிறார், தேறாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. இந்த நான்கும் சேர்ந்ததுதான் அங்கீகாரம்.

அமெரிக்காவில் இது எப்படி வந்தது என்று பார்த்தால் பொறுமை வரும். மனநல மருத்துவமும் சட்டமும் என்ற துறைக்கான அவர்களுடைய சங்கம் 1969இல் தொடங்கியது. 1976இல் துறையினர் தாங்களே ஒரு தேர்வு வாரியம் அமைத்தார்கள். அதிகாரபூர்வமான உட்சிறப்பு அங்கீகாரம் 1992இல்தான் கிடைத்தது. முதல் அதிகாரபூர்வத் தேர்வு 1994இல் நடந்தது. ஆக 25 ஆண்டு. இன்று அங்கே நான்காண்டு மனநலப் பயிற்சிக்குப் பின் ஓராண்டு தடயவியல் ஃபெல்லோஷிப் முடித்தவரே அந்தத் தேர்வை எழுத முடியும். பிரிட்டனில் மூன்றாண்டு அடிப்படைப் பயிற்சி, ராயல் காலேஜ் தேர்வு, அதன்பின் தடயவியலுக்கு மட்டும் மூன்றாண்டு உயர்பயிற்சி. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இந்த இரண்டில் எது உங்கள் வயதுக்கும் கையிருப்புக்கும் ஒத்துவரும் என்று எம்.டி. சேரும் முன்பே கணக்குப் போடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே கற்கும் சட்டம் அங்கேதான் செல்லும். திரும்பி வந்தால் நம் சட்டத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

இந்தியாவில் எம்.டி.க்கு மேல் இரண்டு வகை உண்டு. டி.எம். என்பது மூன்றாண்டுச் சிறப்புப் பட்டம். குழந்தை மனநலம், அடிமைப்பழக்கச் சிகிச்சை, முதியோர் மனநலம் ஆகியவற்றில் டி.எம். வந்தபோது அந்தத் துறைகளின் முகமே மாறியது. போஸ்ட் டாக்டரல் ஃபெல்லோஷிப் என்பது பொதுவாக ஓராண்டு ஆழ்பயிற்சி. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் தடயவியல் மனநலத்துக்கெனத் தனிப் பிரிவும் ஃபெல்லோஷிப்பும் உண்டு. சென்னையிலிருந்து ரயிலில் ஐந்தாறு மணி நேரம்தான். ஃபெல்லோஷிப்புக்கான அறிவிப்பை நிம்ஹான்ஸே வெளியிடும். அங்கே உள்ள டி.எம். இடங்கள் ஐ.என்.ஐ. எஸ்.எஸ். என்ற பொதுத் தேர்வின் வழியாக நிரப்பப்படுகின்றன. பாடப்பிரிவுகளும் இடங்களின் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் நீங்கள் சேரும் ஆண்டின் கையேட்டை வரி வரியாகப் படியுங்கள்.

சேரும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: இந்தத் தகுதியைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய முடியுமா? ஒரு துறையில் சிறப்புத் தகுதி இல்லாதவர் தன்னை அந்தத் துறையின் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதிகள் சொல்கின்றன. வார இறுதியில் இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு முடித்துவிட்டு 'ஃபாரன்சிக் சைக்கியாட்ரிஸ்ட்' என்று போர்டு மாட்டுவது தப்பு மட்டுமில்லை, ஆபத்தும்கூட. சாட்சிக் கூண்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பதே "உங்கள் தகுதி என்ன?" என்பதுதான்.

தேவை கூடிக்கொண்டே போகிறது. மரண தண்டனை பெற்ற பிறகு வரும் கடும் மனநோயையும் தண்டனையைக் குறைக்கும் காரணமாகப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. மரண தண்டனை வழக்குகளில் குற்றவாளியின் மனநல மதிப்பீட்டை விசாரணைக் கட்டத்திலேயே அரசு முன்வைக்க வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் சொன்னது. உயிருக்கும் தூக்குக்கும் நடுவில் வைக்கப்படும் அந்த அறிக்கையை முறையாகப் பயின்ற ஒருவர்தான் எழுத வேண்டும். இந்தத் துறைக்கு முழு அங்கீகாரமும் போதுமான இடங்களும் வேண்டும் என்று நான் விடாமல் பேசுவது இதற்காகத்தான்.

பெங்களூரு போக முடியாதவர்களுக்கு: சென்னையிலேயே ஒரு பயிற்சி

வீட்டில் வயதான பெற்றோர், கைக்குழந்தை, கடன் என்று எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கும். அவர்களுக்காக, நான் செய்து பார்த்து பலன் கண்ட ஒரு வழி.

மாதத்தில் இரண்டு நாள் கோர்ட்டுக்குப் போய் உட்காருங்கள். எழும்பூர், சைதாப்பேட்டை, பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகம் என்று எது பக்கமோ அங்கே. திறந்த நீதிமன்றத்தில் பார்வையாளராக உட்காரத் தடையில்லை. செல்போனை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் அமைதியாக இருந்தால் போதும். டாக்டர்கள் சாட்சி சொல்லும்போது எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்புகளைப் படியுங்கள். 1964ஆம் ஆண்டின் தாயாபாய் தாக்கர் வழக்கிலிருந்து தொடங்குங்கள். மனநோயைக் காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது, ஆனால் அவர் காட்ட வேண்டிய அளவு எவ்வளவு என்பதை அதுபோல் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு குறைவு. அடுத்து 2011ஆம் ஆண்டின் சுரேந்திர மிஸ்ரா வழக்கு. மருத்துவம் சொல்லும் மனநோயும் சட்டம் சொல்லும் சித்தசுவாதீனமின்மையும் ஒன்றல்ல என்பது அதில் வருகிறது. 2010ஆம் ஆண்டின் செல்வி வழக்கைக் கட்டாயம் படியுங்கள். சம்மதம் இல்லாமல் நார்கோ சோதனை செய்யக் கூடாது என்று சொன்ன தீர்ப்பு அது. போலீஸ் அதிகாரி ஒருவர் "ஒரு ஊசி போட்டு உண்மையை வரவைக்க முடியாதா டாக்டர்?" என்று கேட்கும் நாள் உங்களுக்கும் வரும்.

சட்டம் படித்த நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய கேஸை, பெயர் ஊர் எல்லாம் மாற்றி, அறிக்கையாக எழுதுங்கள். அவர் உங்களைக் குறுக்கு விசாரணை செய்யட்டும். முதல் முறை கோபம் வரும். ஐந்தாவது முறை கோபம் வராது. அதுதான் பலன். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி தொலைவழியில் நடத்தும் மருத்துவச் சட்டம், நெறிமுறை பட்டயப் படிப்பும் உதவும். இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் தடயவியல் பிரிவு நடத்தும் அமர்வுகளுக்குப் போங்கள்.

அப்புறம், வார்டில் இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ்களோடும் உதவியாளர்களோடும் பேசுங்கள். கோர்ட் அனுப்பியவர் டாக்டர் வரும் நேரத்தில் மட்டும் தனக்குத்தானே பேசுகிறாரா, விடியற்காலை மூன்று மணிக்கும் பேசுகிறாரா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நோய் இருப்பதாக நடிப்பவர் பெரும்பாலும் குரல் இடைவிடாமல் கேட்பதாகச் சொல்வார், அதைத் தணிக்க என்ன செய்கிறார் என்று கேட்டால் விழிப்பார். உண்மையில் குரல் கேட்பவருக்கு அது விட்டுவிட்டு வரும். பாட்டுப் போடுவார், நடப்பார், யாரிடமாவது போய்ப் பேசுவார். ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவு கட்டாதீர்கள். நடிப்பும் நோயும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கும்.

மதிப்பீடு: ஆளுக்கு முன்னால் காகிதம்

கோர்ட்டின் உத்தரவைக் கையில் வாங்கி, கேள்வி என்ன என்று அடிக்கோடிடுங்கள். கேள்வி தெளிவாக இல்லையென்றால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. அந்த ஒரு கடிதத்தை நான் எழுதியிருந்தால் எட்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், சிறை மருத்துவக் குறிப்பு, பழைய சிகிச்சைச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஆளைப் பார்க்கும் முன் படியுங்கள். குடும்பத்தாரைத் தனியாகப் பாருங்கள். சம்பவத்துக்கு முந்தைய ஒரு வாரத்தில் அவர் எப்படித் தூங்கினார், என்ன சாப்பிட்டார், எதற்குப் பயந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சில சமயம் எந்தச் சோதனையையும் விடப் பெரிது. சம்பவத்துக்கு முன், அந்த நேரத்தில், பின்பு என்று மூன்றாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். தப்பி ஓடினாரா, ஆயுதத்தை ஒளித்தாரா, அங்கேயே உட்கார்ந்திருந்தாரா என்பதை நீதிபதிகள் கூர்ந்து பார்ப்பார்கள்.

ஆள் எதிரே உட்கார்ந்ததும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "ஐயா, நான் டாக்டர்தான். ஆனா இன்னைக்கு வைத்தியம் பாக்க வரலை. கோர்ட் அனுப்பி வந்திருக்கேன். நீங்க சொல்றதை நான் கோர்ட்டுக்கு எழுதுவேன். சொல்ல வேண்டாம்னு நெனைக்கிறதை நீங்க சொல்ல வேண்டாம்." இதைப் புரிந்துகொண்டாரா என்று அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் மனதைத் திறந்துவிடுவது நம் மக்களின் இயல்பு. அந்த நம்பிக்கையை நாம் தவறாகப் பயன்படுத்தக் கூடாது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை கொடுப்பவரே அறிக்கையும் எழுத வேண்டிய நிலை வரும். முடிந்தால் யூனிட்டில் வேறொருவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். முடியாவிட்டால் அந்த இரட்டை நிலையை அறிக்கையிலேயே சொல்லிவிடுங்கள்.

விசாரணைத் தகுதியைப் பார்க்க நான் கேட்பவை மிக எளிமையானவை. எந்த வழக்கில் வந்திருக்கிறீர்கள்? நீங்கள் என்ன செய்ததாகச் சொல்கிறார்கள்? கறுப்புக் கோட்டு போட்டவர்களில் உங்களுக்காகப் பேசுபவர் யார், எதிராகப் பேசுபவர் யார்? மேலே உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன நடக்கும்? உங்கள் வக்கீலிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட இதற்கெல்லாம் அழகாகப் பதில் சொல்வார். பட்டம் வாங்கியவர் நோயின் பிடியில் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியாமல் போகலாம். நோயின் பெயர் மட்டும் தகுதியைத் தீர்மானிக்காது. தகுதி பற்றிய அறிக்கையில் சம்பவத்தைப் பற்றி அவர் உங்களிடம் சொன்ன விவரங்களை எழுதாதீர்கள். அந்தக் கேள்விக்கு அது தேவையில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியலமைப்பு தரும் உரிமை.

அறிக்கை எழுதுவது: தமிழில் சொன்னதைத் தமிழிலேயே

நாம் தமிழில் பேசி ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறோம். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

"என்னை வச்சு செய்யறாங்க சார்" என்று வட சென்னை இளைஞன் ஒருவன் சொன்னால், தன்னைப் படுத்தி எடுக்கிறார்கள் என்று அர்த்தம். "எனக்குச் செஞ்சு வச்சுட்டாங்க" என்று கிராமத்து அம்மா ஒருவர் சொன்னால் அது செய்வினை. இரண்டுக்கும் வார்த்தைகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவசரத்தில் இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடக்கினால், ஒருவரின் பேச்சு வழக்கு மனப்பிரமையாகிவிடும், அல்லது மனப்பிரமை பேச்சு வழக்காகிவிடும். இரண்டாவது ஆள் சொன்னதும்கூடத் தானாகவே நோய் ஆகிவிடாது. அவர் குடும்பமே, தெருவே அதை நம்புகிறதா, அவர் மட்டும் நம்புகிறாரா என்று விசாரிக்க வேண்டும். "மாரியம்மா சொன்னா" என்பவரிடம், சாமி இறங்கும்போது மட்டுமா, பஸ்ஸில் போகும்போதுமா என்று கேட்க வேண்டும்.

எனவே அவர் சொன்ன முக்கியமான வாக்கியங்களை அப்படியே தமிழில், மேற்கோளுக்குள் எழுதுங்கள். அதன் கீழே உங்கள் விளக்கத்தைத் தனியாக எழுதுங்கள். நீதிபதிக்குத் தமிழ் தெரியும், வழக்கறிஞருக்கும் தெரியும். அவர்களே படித்துப் பார்க்கட்டும்.

அறிக்கையில் இருக்க வேண்டியவை: யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், எத்தனை முறை, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எந்தக் காகிதங்களைப் படித்தீர்கள், எது கிடைக்கவில்லை, என்ன கண்டீர்கள், அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தீர்கள், ஏன். கண்டதையும் கருத்தையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். 'குற்றவாளி', 'நிரபராதி' என்ற சொற்கள் வேண்டாம். அந்தத் தீர்ப்பு உங்களுடையது அல்ல. தகுதியில்லை என்று எழுதினால், சிகிச்சையால் தகுதி வர வாய்ப்பு உண்டா, எவ்வளவு காலம் பிடிக்கும், மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இது இல்லாத அறிக்கையால்தான் மனிதர்கள் தொலைந்துபோகிறார்கள். கடைசிப் பக்கத்தில், கேட்ட கேள்விக்கு நேரான பதில் இரண்டு மூன்று வரியில்.

சாட்சிக் கூண்டில்

நிபுணர் சாட்சியத்துக்கான பிரிவு, பாரதிய சாட்சிய சட்டத்தின் 39. பழைய எண் 45. உங்கள் கருத்து கோர்ட்டுக்கு உதவி மட்டுமே. அதை ஏற்பதும் விடுவதும் நீதிபதியின் உரிமை. ஏற்கவில்லையென்றால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முந்தைய நாள் இரவு கோப்பை முழுதாகப் படியுங்கள். தேதிகள் நாக்கில் இருக்கட்டும். கேள்வி கேட்பவர் வழக்கறிஞராக இருந்தாலும் பதிலை நீதிபதியைப் பார்த்துச் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், டைப் செய்பவர் உங்களோடு வர வேண்டும். 'ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க' என்று நெருக்கினால், "ஐயா, அப்படிச் சொன்னால் தவறான பொருள் வரும். ஒரு வரியில் விளக்கலாமா?" என்று நீதிபதியிடம் கேளுங்கள். பெரும்பாலும் அனுமதிப்பார்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள். பதிவான வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சிவில் பக்கம்

குற்ற வழக்கு மட்டும் இல்லை. உயில் எழுதியபோது தாத்தாவுக்குத் தெளிவு இருந்ததா, விவாகரத்து வழக்கில் மனைவிக்கு மனநோய் என்ற கணவனின் வாதம் நிற்குமா, 40 சதவீத ஊனச் சான்றுக்குத் தகுதி உண்டா என்று தினசரி வருபவை இவைதான். குடும்ப நீதிமன்றங்களில் மனநோய் என்ற சொல்லை ஆயுதமாகத் தூக்குவார்கள். ஒரு தரப்பு மனநோய்க்கான ஆதாரத்தைக் காட்டி, மறுதரப்பு அதை மறுத்தால், கோர்ட் அதை மனநல ஆய்வு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது மனநலச் சட்டத்தின் 105ஆம் பிரிவு. ஒருவரை நேரில் பார்க்காமல், அவருடைய கணவனோ மாமியாரோ சொன்னதை மட்டும் வைத்து யாருக்கும் சான்றிதழ் கொடுக்காதீர்கள். எவ்வளவு தெரிந்தவர் கேட்டாலும் சரி. கொடுமையான குற்றம் சுமத்தப்பட்ட 16 முதல் 18 வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்ற முதற்கட்ட மதிப்பீடும் வரும். அதற்குக் குழந்தை மனநலப் பயிற்சி வேண்டும். அது இல்லையென்றால் அந்தப் பயிற்சி உள்ளவரிடம் அனுப்பிவிடுங்கள்.

அறிக்கை போன பிறகு

இந்தப் படியைப் பல பயிற்சிகள் சொல்லித்தருவதில்லை. அசாமில் மச்சாங் லாலுங் என்பவரை 1951இல் கைது செய்தார்கள். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் அவர் குணமாகிவிட்டார் என்று டாக்டர்கள் எழுதினார்கள். அவர் வீட்டுக்குப் போகவில்லை, சிறைக்குப் போனார். விசாரணையே நடக்காமல் 2005இல் வெளியே வந்தபோது அவருக்கு வயது 77. டாக்டர் எழுதியது சரியான காகிதம். அது யார் மேஜைக்குப் போனது, அதன்பின் என்ன ஆனது என்று கேட்க ஆள் இல்லை.

என்னிடம் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. வழக்கு எண், அறிக்கை அனுப்பிய தேதி, அடுத்த வாய்தா, மறுபரிசோதனைத் தேதி என்று நான்கு கட்டம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அதைத் திறப்பேன். தேதி தாண்டிப்போன ஒவ்வொரு வரிக்கும் புழல் சிறையின் மருத்துவ அலுவலருக்கு ஒரு போன், கோர்ட்டின் பெஞ்ச் கிளார்க்குக்கு ஒரு கடிதம். விசாரணைக் கைதியாக எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதற்கு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பை நெருங்குபவர்களின் பெயரைச் சிவப்பு மையில் வட்டமிட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுவேன். போன மாதம் இரண்டு வட்டம் இருந்தது. ஒருவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, மற்றவருக்காக வரும் வியாழக்கிழமை கோர்ட்டுக்குப் போகிறேன்.